பின்வருவோர்க்கு ஒரு பக்கம்

நுழையும்முன்

ஒரு கருவியைச் செய்வது ஒரு பணி. அதைக் கையாளும் முறையைப் பிறர் அறியும்படி எழுதிவைப்பது மற்றொரு பணி. முன்னதைச் செய்தோரை உலகம் போற்றுகிறது. பின்னதைச் செய்தோரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. எனினும், எழுதிவைப்போர் இல்லையெனில் செய்தோரின் உழைப்பும் பயனற்றுப்போகும். கட்டற்ற மென்பொருள் உலகில் ஆவணப் பக்கங்களை எழுதுவோரும் அவற்றைக் காப்போரும் ஆற்றும் பணியின் அருமையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஓர் ஒட்டுச்சீட்டு

சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில், செனீவா நகரையொட்டி, செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே கறுப்பு நிறக் கணினியொன்று இரவும் பகலும் இயங்கத் தொடங்கியது. அதன் பெட்டியின்மீது ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. இக்கணினி ஒரு வழங்கி என்றும் இதன் இயக்கத்தை நிறுத்திவிடக் கூடாது என்றும் அதில் சிவப்பு மையினால் எழுதப்பட்டிருந்தது.

அக்கணினியைப் பயன்படுத்தியவர் டிம் பெர்னர்ஸ் லீ. உலகளாவிய வலை என்று இன்று வழங்கப்படும் அமைப்பை உருவாக்கியவர் அவரே. அன்று உலகில் இருந்த ஒரே இணையதளம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் செல்லும் ஒருவர், நல்லெண்ணத்தோடு அதன் பொத்தானையும் அழுத்திவிட்டால் உலகளாவிய வலை முழுவதுமே நின்றுபோகும். அந்த ஒருவர் யார், எப்போது வருவார் என்பது தெரியாது. ஆகவேதான், முன்பின் அறியாத அவருக்காக அச்சீட்டு எழுதி ஒட்டப்பட்டது.

அந்த முதல் இணையதளத்தில் என்ன இருந்தது? செய்திகள் இல்லை, படங்கள் இல்லை, விளம்பரங்கள் இல்லை. உலகளாவிய வலை என்பது யாது, அதை எவ்வாறு பயன்படுத்துவது, அதற்கான மென்பொருளை எங்கிருந்து பெறுவது, அதன் தொழில்நுட்ப நுணுக்கங்கள் யாவை, அதில் உழைப்போர் யாவர் என்பனவே அப்பக்கங்களில் விளக்கப்பட்டிருந்தன. உதவ விரும்புவோர் என்ன செய்யலாம் என்பதற்கும் தனியாக ஓர் இணைப்பு தரப்பட்டிருந்தது. உலகின் முதல் இணையதளம் ஒரு மென்பொருளை விளக்கும் ஆவணமாகவே பிறந்தது.

விடைபெறுவோரும் விட்டுச்செல்வதும்

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெர்னர்ஸ் லீ தம் நிறுவனத்திற்கு ஒரு முன்மொழிவை அளித்தார். அதில் அவர் முதன்மையாகச் சுட்டிய சிக்கல், அறிவு தொலைந்துபோவது என்பதாகும். செர்ன் நிறுவனத்திற்குப் பல நாடுகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வருவர். ஏறத்தாழ ஈராண்டுகள் பணியாற்றியபின் தத்தம் நாடு திரும்புவர். அவர்கள் எழுதிய நிரல்கள் கணினியில் இருக்கும். ஆனால், அந்நிரல் ஏன் அவ்வாறு எழுதப்பட்டது, அதில் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் அறிவு அவர்களோடே விமானம் ஏறிவிடும். பின்னர் வருவோர் கண்டறிந்ததையே மீண்டும் கண்டறிய நேரிடும்.

இச்சிக்கலுக்கு விடைதேடும் முயற்சியிலேயே வலை பிறந்தது. ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்புகளைக் கொண்டு, மனிதர் மாறினாலும் அறிவு மாறாமல் நிற்கச் செய்வதே அதன் நோக்கம். 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் செர்ன் நிறுவனம் அம்மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி பொதுவுடைமையாக்கியது. மென்பொருள் அனைவர்க்கும் உரியதாவதற்கு முன்பே, அதைக் கற்பிக்கும் பக்கங்கள் அனைவர்க்கும் திறந்திருந்தன என்பது நினைக்கத்தக்கது.

கொடையும் திறவுகோலும்

கட்டற்ற மென்பொருள் என்பது ஒரு கொடை. அதை எவரும் இயக்கலாம், அதன் மூலநிரலைப் படித்தறியலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1983ஆம் ஆண்டு குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வுரிமைகளுக்காகவே இயக்கம் நடத்தினார். அவர் நிரல்களோடு நின்றுவிடவில்லை. தாம் உருவாக்கிய ஈமாக்சு என்னும் தொகுப்பிக்குத் தாமே கையேடும் எழுதினார். மென்பொருள் கட்டற்றதாக இருந்தால் மட்டும் போதாது, அதன் கையேடும் கட்டற்றதாக இருத்தல் வேண்டும் என்று வலியுறுத்தினார். மென்பொருளை மாற்றும் உரிமை இருந்து, கையேட்டை மாற்றும் உரிமை இல்லையெனில் இரண்டும் விரைவில் முரண்படும் என்பது அவர் கருத்து. ஆவணங்களுக்கென்றே தனியாக ஓர் உரிமம் 2000ஆம் ஆண்டு குனூ திட்டத்தின் சார்பில் வெளியிடப்பட்டது.

விளக்கமில்லாத மென்பொருள், பூட்டிய பேழையைப் பரிசளிப்பதை ஒத்தது. கொடுத்தவர் குறைவின்றிக் கொடுத்துவிட்டார். பெற்றவரால் திறக்க இயலவில்லை. சிற்றூர் ஒன்றில் இரவில் தனியே அமர்ந்து, புதிய மென்பொருளொன்றைக் கற்க முயலும் மாணவர் ஒருவரை எண்ணிப்பாருங்கள். கேட்டறிய அருகில் ஒருவரும் இல்லை. ஆவணத்தில் கூறியபடி முதல் கட்டளையை இடுகிறார், பிழைச்செய்தி வருகிறது. அதற்குமுன் செய்யவேண்டிய ஒரு படி ஆவணத்தில் விடுபட்டுள்ளது. எழுதியவருக்கு அப்படி நன்கு பழகிப்போனதால், அதைச் சொல்லவேண்டும் என்னும் எண்ணமே தோன்றவில்லை. மாணவரோ குறை பக்கத்தினுடையது என்று கருதுவதில்லை. தமக்குத்தான் அறிவு போதவில்லை என்று கருதிக் கணினியை மூடிவிடுகிறார். இவ்வாறு ஓசையின்றித் திரும்பிச் செல்வோரின் எண்ணிக்கை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. ஆவணம் எழுதுவோர் தடுத்து நிறுத்தவேண்டிய இழப்பு இதுவே.

குறையைச் சொல்லும் நேர்மை

நல்ல ஆவணத்தின் முதற்பண்பு நேர்மை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்சு இயங்குதளத்தின் முதற்கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியன சுருக்கமாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அவற்றோடு 'பிழைகள்' என்னும் ஒரு பகுதியும் இருந்தது. தாம் எழுதிய நிரல் எங்கே தவறும், எதைச் செய்ய இயலாது என்பதை உருவாக்கியோரே அதில் எழுதிவைத்தனர்.

விற்பனைக்குரிய பொருளின் விளம்பரத்தில் இத்தகைய பகுதியைக் காண்பது அரிது. ஆவணம் விளம்பரம் அன்று. அதை நம்பி ஒருவர் தம் நேரத்தைச் செலவிடுகிறார். தம் தரவுகளை ஒப்படைக்கிறார். நம்பி வருபவரிடம் குழி இருக்குமிடத்தைச் சொல்லிவிடுவது வழிகாட்டுவோரின் கடமை.

நால்வகை எழுத்து

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடுவதும் ஆவணமாகாது. மென்பொருள் ஆவணங்களை நால்வகையாகப் பகுத்துக் காட்டியவர் டேனியல் புரோசிடா. அவை கற்பிக்கும் பாடம், செய்முறை வழிகாட்டி, உசாத்துணை, விளக்கவுரை என்பன.

மிதிவண்டியைக்கொண்டு இப்பகுப்பை எளிதில் உணரலாம். இதுவரை மிதிவண்டி ஏறியறியாத சிறுவனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே ஓட்டப் பழக்குவது பாடம். ஓட்டத் தெரிந்தவர்க்குப் பழுதான சக்கரக்குழாயை ஒட்டும் முறையைக் கூறுவது செய்முறை வழிகாட்டி. உறுப்புகளின் பெயரையும் அளவையும் பட்டியலிடுவது உசாத்துணை. ஓடும் மிதிவண்டி ஏன் சாய்ந்து விழுவதில்லை என்பதை எடுத்துரைப்பது விளக்கவுரை. ஓட்டப் பழகும் சிறுவனிடம் உறுப்புகளின் பட்டியலை நீட்டினால் அவனுக்கு ஆர்வம் குன்றும்; நடுவழியில் சக்கரம் பழுதாகி நிற்பவரிடம் இயற்பியலை விளக்கினால் அவர்க்குச் சினம் வரும். கூறும் செய்தி உண்மையாயினும், கேட்பவரின் நிலையறிந்து கூறாவிடில் பயனில்லை. வருபவர் எந்நிலையில் இருக்கிறார் என்று எண்ணுவதிலிருந்தே ஆவணம் தொடங்குகிறது.

மாறாத பக்கங்களின் வலிமை

இணையப் பக்கங்களை இருவகையாகக் கொள்ளலாம். ஒவ்வொரு முறை ஒருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்திலிருந்து செய்திகளைத் திரட்டி, அப்போதைக்கப்போது உருவாக்கித் தரப்படுவது ஒருவகை. முன்னரே முழுமையாக எழுதிவைத்த கோப்பை, கேட்பவர் அனைவர்க்கும் அப்படியே எடுத்துத் தருவது மற்றொருவகை. பின்னது நிலையான பக்கம் எனப்படும். செர்ன் நிறுவனத்தின் முதல் இணையதளம் இவ்வகையைச் சேர்ந்தது. இன்றும் கட்டற்ற மென்பொருள்களின் ஆவணத்தளங்கள் பல இம்முறையிலேயே அமைக்கப்படுகின்றன.

இதற்குக் காரணங்கள் உள்ளன. கேட்கும்தோறும் கணக்கிடவேண்டியதில்லை, ஆதலால் எளிய வழங்கியே பெருந்தொகையினருக்குப் பக்கங்களைத் தரவல்லது. தரவுத்தளம் இல்லாமையால் ஊடுருவுவோர்க்கு வாயில்கள் குறைவு. பக்கங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகப் பதிவிறக்கி, இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம். பழைய பதிப்பின் ஆவணத்தைப் புதிய பதிப்பின் ஆவணத்தோடு அருகருகே வைக்கலாம்.

இத்தகைய தளத்தை உருவாக்குவோர் பக்கங்களைச் சாதாரண உரைக்கோப்புகளாகவே எழுதுகின்றனர். தலைப்பைக் காட்ட ஒரு குறி, சொல்லை அழுத்திக்காட்ட ஒரு குறி எனச் சில எளிய குறிகளே இடையில் வரும். 2004ஆம் ஆண்டு வெளிவந்த மார்க்டவுன் என்னும் முறை இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. இவ்வுரைக்கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித்தரும் கருவிகள் பல உள்ளன. பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியார்க் பிராண்டில் உருவாக்கி, 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்பிங்சு அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் தோன்றிய ஜெக்கில் மற்றொன்று. எழுதிய கோப்புகள், 2005ஆம் ஆண்டு லினசு டோர்வால்ட்சு உருவாக்கிய கிட் போன்ற அமைப்பில் சேமிக்கப்படுகின்றன. எந்த வரியை யார், எந்நாளில், எக்காரணத்தால் மாற்றினார் என்பது அதில் பதிவாகிறது. நிரலுக்குத் தரப்படும் அதே மதிப்பு நிரலின் விளக்கத்திற்கும் தரப்படுகிறது.

எழுதுவதினும் அரிது காத்தல்

தளத்தை அமைத்து முடித்த நாளில் பணி முடிவதில்லை; அன்றுதான் தொடங்குகிறது. மென்பொருள் நாள்தோறும் மாறும். மாற்றத்திற்கேற்பத் திருத்தப்படாத பக்கம் மெல்ல மெல்லப் பொய்யாகிறது. அது பொய்யென்பது பார்வைக்குத் தெரிவதுமில்லை. எழுத்துகள் அதே தெளிவோடும் உறுதியோடும் நிற்கின்றன. வழியே இல்லாத இடத்தில் பயணி விசாரித்துச் செல்வார்; தவறான திசைகாட்டிப் பலகை இருந்தாலோ நம்பி நெடுந்தொலைவு சென்றபின்பே வருந்துவார்.

பைத்தான் மொழியின் வரலாறு இதற்குச் சான்று தரும். அம்மொழியின் இரண்டாம் பதிப்பு வரிசையில், திரையில் ஒரு சொல்லை வெளியிடும் பிரிண்ட் என்னும் கட்டளைக்கு அடைப்புக்குறி தேவைப்படவில்லை. 2008ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி கட்டாயமாயிற்று. பழைய பக்கத்தைப் பார்த்துப் புதிய பதிப்பில் அக்கட்டளையை எழுதியவர்க்குக் கற்றலின் முதல் வரியே பிழையாக முடிந்தது. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. அதற்குள் எண்ணற்ற எடுத்துக்காட்டுகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட வேண்டியிருந்தன. பைத்தானின் ஆவணத்தளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் அது எந்தப் பதிப்பிற்குரியது என்று காட்டப்படுவது இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கவே உதவுகிறது. ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டுகளைக் கணினியே இயக்கிப்பார்த்து, விடை மாறினால் எச்சரிக்கும் வசதியும் ஸ்பிங்சில் உண்டு.

பக்கங்களின் முகவரியும் காக்கப்படவேண்டும். நன்கு அமைந்த இணைய முகவரி காலந்தோறும் மாறாமல் இருத்தல் வேண்டும் என்று பெர்னர்ஸ் லீ 1998ஆம் ஆண்டு எழுதினார். தளத்தை அழகுபடுத்துவதாகக் கருதிப் பக்கங்களை இடம்மாற்றுவோர், அப்பக்கத்தைச் சுட்டும் இணைப்புகளெல்லாம் அறுந்துபோவதை எண்ணுவதில்லை. எங்கோ ஒரு நூலில் குறித்த முகவரியை நம்பி வருபவர், வெறும் பக்கத்தையே காண்பார்.

ஏடு பெயர்த்தெழுதியோர்

காத்தற்பணியின் அருமை தமிழர் அறியாததன்று. பனையோலை நீண்டகாலம் நில்லாது, செல்லரிக்கும், நொறுங்கும். ஏடு சிதைவதற்கு முன் அதைப் பார்த்து வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதியோர் தலைமுறைதோறும் இருந்தமையால்தான் பழைய நூல்கள் எஞ்சின. பெயர்த்தெழுதும் கை எங்கே நின்றதோ அங்கே நூலும் மறைந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர்தோறும் சென்று ஏடுகளைத் தேடி, பலவற்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பித்தார். தொல்காப்பியம் முழுமைக்கும் உரைகண்ட இளம்பூரணர், 'உரையாசிரியர்' என்றே சிறப்பித்து அழைக்கப்படுகிறார். மூலநூலுக்கும் பின்னாளில் வரும் மாணவர்க்கும் நடுவே நின்று வழிகாட்டியவர்க்குத் தமிழ் அளித்த பெருமை அது. மூலநிரலுக்கும் பயன்படுத்துவோர்க்கும் நடுவே நிற்கும் ஆவண எழுத்தாளரும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

புதியவரே முதல் திருத்துநர்

இப்பணியில் வல்லுநரைவிடப் புதியவர்க்கே ஒரு சிறப்பு உண்டு. வல்லுநர் கண்ணுக்கு விடுபட்ட படி தெரிவதில்லை. அவர் கால் தானாகவே அதைக் கடந்துவிடுகிறது. தடுக்கி விழுந்தவர்க்கே கல் இருக்குமிடம் தெரியும். தாம் இடறிய இடத்தை ஒரு வரியில் எழுதித் திருத்தமாக அனுப்புபவர், பின்னால் வரும் பலரை விழாமல் காக்கிறார். கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் எழுத்துப்பிழையொன்றைத் திருத்துவதோ, ஓர் எடுத்துக்காட்டைச் சேர்ப்பதோ பலர்க்கு முதற்பங்களிப்பாக அமைவது இதனாலேயே.

மொழிபெயர்ப்பும் இப்பணியின் ஒரு பகுதி. பைத்தான் மொழியின் ஆவணங்களைச் சப்பானியம், பிரெஞ்சு, கொரியம் முதலிய மொழிகளில் தன்னார்வலர்கள் பெயர்த்து வருகின்றனர். தமிழில், 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கணியம் என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் விளக்கும் கட்டுரைகளையும் மின்னூல்களையும் வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் கைவராத காரணத்தால் மட்டுமே கணினியை மூடிவிட்டுச் செல்லும் மாணவரைத் திரும்ப அழைக்கும் குரல் அது.

நின்ற பக்கம்

செர்ன் நிறுவனத்தின் முதல் இணையதளம் நாள்தோறும் திருத்தி எழுதப்பட்டு வந்தது. பழைய வடிவங்களைச் சேமித்துவைக்க வேண்டும் என்று அப்போது எவர்க்கும் தோன்றவில்லை. அறிவு தொலைந்துபோவதைத் தடுக்கப் பிறந்த தளத்தின் தொடக்க வடிவமே தொலைந்துபோயிற்று. 2013ஆம் ஆண்டு, 1992ஆம் ஆண்டுப் படியொன்றைக்கொண்டு அத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே செர்ன் நிறுவனம் மீண்டும் நிறுவியது. இன்றைய உலாவியில் அம்முகவரியை இட்டால் அப்பக்கம் திறக்கிறது. அன்றைய கணினிகள் காட்சிப்பொருள்களாகிவிட்டன. அன்றைய மென்பொருள்கள் வழக்கொழிந்தன. வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பு எழுத்தாகிய அந்த நிலையான பக்கம் மட்டும் எந்த மாற்றமும் வேண்டாமல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

கறுப்புக் கணினியின்மீது ஒட்டிய சீட்டை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். இது என்ன, இதனிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் இரண்டு செய்திகளே அதில் இருந்தன. ஆவணம் என்பதன் முழு இலக்கணமும் அதில் அடங்கியிருக்கிறது. எழுதியவர் அறையைவிட்டுச் சென்ற பின்பும், அடுத்து வருபவர்க்காக அது அங்கே நின்றது. இன்று வலை ஒரு கணினியை நம்பி இல்லை. அதன் மின்னிணைப்பை ஒருவர் துண்டித்துவிடுவாரோ என்ற அச்சமும் இல்லை. ஆனால், எழுதுவோரும் திருத்துவோரும் தம் கையை எடுத்துவிட்டால் பக்கங்கள் இயங்கிக்கொண்டே பொய்யாகிவிடும். அவற்றை மெய்யாகவே வைத்திருக்கும் பொறுப்பு, ஒவ்வொரு முறையும் அடுத்து வருபவரின் கைக்கே வந்து சேர்கிறது.